விசிறி நிற்கும் நேரம்

மும்பையின் மாட்டுங்கா லேபர் கேம்பில் எந்தப் பொருள் வாங்குவதென்றாலும் விலைக்கு முன்னால் இடத்தைத்தான் யோசிப்போம். புது மிக்சி வந்தால் பழைய கிரைண்டர் எங்கே போகும்? பையனுக்குப் படிக்க மேஜை போட்டால் ராத்திரி யார் எங்கே படுப்பது? எங்கள் ஒற்றை அறைக் கோலியில் கட்டிலுக்கு அடியில் அரிசி டிரம், துணிப் பெட்டி, பழைய தையல் மெஷின். மேலே போட்மாளா என்ற பரணில் போர்வை, பண்டிகைப் பாத்திரம், பிள்ளைகளின் முடிந்துபோன பாடப் புத்தகங்கள். சுவரில் ஆணி ஏறாத இடம் கிடையாது. ஒவ்வொரு சாமானும் ஏதாவது ஒரு வேலை பார்த்தாக வேண்டும். வேலை பார்க்காதது தாராவியின் 13 காம்பவுண்டுக்குப் போய், உடைந்து, உருகி, இன்னொரு சாமானாகித்தான் இந்தக் கல்லிச் சந்துகளுக்குத் திரும்பி வரும்.

அப்படிப்பட்ட வீட்டில் ஒரு வேலையும் பார்க்காத இரண்டு பட்ஜிக் கிளிகள் சில வருஷங்களாக எங்களோடு குடியிருக்கின்றன. இங்கே எல்லோரும் லவ் பேர்ட்ஸ் என்றுதான் சொல்வார்கள். வைத்தியத்துக்காக ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த பெரிய மாமா, கூண்டை இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் கேட்டார்: “மனுசன் கால நீட்டிப் படுக்க எடமில்ல. இதுல இது வேற எதுக்கும்மா? முட்டைக்கு ஆகுமா, காவலுக்கு ஆகுமா?”

அதில் குத்தல் ஏதும் இல்லை. ஆடும் மாடும் கோழியும் வளர்த்தவர் அவர். அவருடைய வீட்டில் எந்த உயிரும் சும்மா நின்றதில்லை. நாய்கூடக் களத்துக்குக் காவல். “பிள்ளைங்க ஆசைப்பட்டுட்டாங்க மாமா” என்று அப்போது சொல்லி வைத்தேன். அது முழுப் பதில் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இத்தனை நெருக்கடியான வாழ்க்கையில் ஒன்றுக்கும் உதவாத ஓர் உயிருக்கு ஏன் இடம் ஒதுக்க வேண்டும் என்ற அந்தக் கேள்வியை நான் பெரிய கேள்வியாகவே எடுத்துக்கொண்டேன்.

முதல் பறவை பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கியதும் அல்ல. 2020 ஏப்ரலில் தாராவியில் முதல் கொரோனா தொற்று கண்டுபிடிக்கப்பட்டதும் எங்கள் கல்லி பாதியாகக் காலியானது. ஊருக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டுப் பெண், கம்பிக் கூண்டு ஒன்றை எங்கள் வாசலில் வைத்து, “ரெண்டு மாசம் பாத்துக்கோங்கக்கா” என்றாள். அவர்கள் ஊரிலேயே கடை போட்டுத் தங்கிவிட்டார்கள். கூண்டுக்குள் இருந்தது பச்சை மஞ்சளில் ஒற்றை ஆண் பறவை. அலகுக்கு மேலே மூக்குத் துளை இருக்கும் சதை நீலமாக இருந்தால் ஆண், பழுப்பாக இருந்தால் பெண் என்று அவள்தான் காட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். மகள் அதற்கு முத்து என்று பெயர் வைத்தாள்.

ஊரடங்கு நாட்களில் நானும் என் வீட்டுக்காரரும் மகனும் மகளும் மாமியாரான அத்தையும், ஒரே அறையில் ஐந்து பேர். நாமும் கூண்டுக்குள்தானே இருக்கிறோம் என்று அப்போது பலரும் சொன்னார்கள். அந்த ஒப்பீடு எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. எங்கள் கதவை ஒருநாள் திறப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். எதற்காகச் சாத்தியிருக்கிறது என்றும் தெரியும். பறவைக்கு அதில் எதுவும் தெரியாது. அதன் கதவு எங்கள் கையில் இருந்தது. அதனால் எங்களுக்கு ஒரு பொறுப்பு வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

முத்துவின் எடை முப்பது, நாற்பது கிராம்தான் இருக்கும். கையில் வந்து நிற்கும்போது எடை தெரியாது, விரலைச் சுற்றிய காலின் சூடுதான் தெரியும். முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல். தூக்கம் வரும்போது ஒரு காலை வயிற்றுச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டு, கன்னத்துச் சிறகை உப்பி அலகைப் பாதி மறைத்து, அலகின் மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் மெல்ல உரசும். அரிசியில் கல் பொறுக்கும் சுளகின் சத்தத்தைவிடச் சின்னச் சத்தம் அது. பயமில்லாமல் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். வெளியே அடுப்புச் சத்தம், தண்ணீர்ச் சண்டை, டெம்போ ஹாரன், அத்தனைக்கும் நடுவில் அந்த உரசலைக் காதில் வாங்க வேண்டுமென்றால் கிட்டே போய், மூச்சை அடக்கி, சும்மா நிற்க வேண்டும். லேபர் கேம்பில் சும்மா நிற்பதற்கு யாருக்கும் காரணம் இருந்ததில்லை. எங்களுக்கு ஒரு காரணம் கிடைத்தது.

காற்றில் தொடங்கியது மாற்றம். லேபர் கேம்பின் கொசு பிரசித்தி பெற்றது. மராத்தி எழுத்தாளர் அண்ணா பாவ் சாத்தே இந்த லேபர் கேம்பில் வாழ்ந்த காலத்தில் இங்கத்திக் கொசுக்களைப் பற்றியே பாட்டுக் கட்டியவர்.   அவர் பாடிய கொசு இன்னும் போகவில்லை. சாயங்காலம் ஆனால் வீட்டுக்கு வீடு கொசுவர்த்திச் சுருள் புகையும். முத்து வந்து சில நாளில் அது வாலை மேலும் கீழும் ஆட்டி மூச்சு வாங்குவதை மகன் கவனித்தான். பரேலில் இருக்கும் பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். வண்டி மாடும் தெருநாயும் மாஞ்சா நூலில் அறுபட்ட பருந்தும் வைத்தியம் பார்த்துக்கொள்ளும் பழைய மருத்துவமனை அது. டாக்டர் மருந்தைவிட அதிகமாகக் கேள்விதான் கேட்டார். வீட்டில் சுருள் கொளுத்துவீர்களா? சாம்பிராணி? ஸ்பிரே? அடுப்புக்கும் கூண்டுக்கும் எவ்வளவு தூரம்? தவா நான்-ஸ்டிக்கா?

பறவையின் நுரையீரல் நம்முடையதைப் போல ஊதிச் சுருங்கும் பை கிடையாது. உடம்புக்குள் பல காற்றறைகள் இருக்கின்றன. அவை துருத்தி மாதிரி வேலை செய்து நுரையீரல் வழியாகக் காற்றை ஒரே திசையில் செலுத்திக்கொண்டே இருக்கும். பறப்பதற்கு வேண்டிய பிராணவாயு அப்படித்தான் கிடைக்கிறது. காற்றில் நஞ்சு இருந்தால் அதுவும் அதே வேகத்தில் உள்ளே போகும். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை கேனரிப் பறவைகளை இதற்காகவே வைத்திருந்தார்கள். விஷவாயு மனிதனைத் தொடுமுன் பறவை சாயும். நான்-ஸ்டிக் பாத்திரம் அளவு மீறிக் காய்ந்தால் அதன் பூச்சிலிருந்து வரும் ஆவி, அடுத்த அறையில் இருக்கும் பறவையைக்கூடக் கொன்றுவிடும். எங்களுக்கு அடுத்த அறை என்று ஒன்று கிடையாது. தவா அன்றே போயிற்று. அத்தை தன் பழைய இரும்புத் தோசைக்கல்லைப் போட்மாளாவிலிருந்து இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, “நாந்தான் அப்பவே சொன்னேம்லா” என்றார். கொசுவர்த்தி போய் வலை வந்தது. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி வாசலுக்கு வெளியே நகர்ந்தது. மிளகாய் வறுக்கிற நாளில் கூண்டு எதிர்வீட்டுக்குப் போகும்.

நுரையீரல் எங்களுக்கும்தான் இருக்கிறது. மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. அவளுக்காக எத்தனையோ தடவை சுருளை நிறுத்தப் பார்த்து முடியாமல் போனது, நாற்பது கிராம் பறவைக்காக ஒரே நாளில் முடிந்தது. இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பிள்ளை மேல் அக்கறை குறைவு என்று இதற்குப் பொருள் இல்லை. பழகிய உயிர்களின் கஷ்டம் வீட்டுச் சாமானைப்போலக் கண்ணில் படாமல் போய்விடுகிறது. புதிதாக வந்த ஓர் உயிருக்காக வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போதுதான் பழைய ஆட்களும் கண்ணில் படுகிறார்கள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் விசிறி. பட்ஜியைக் கூண்டிலேயே வைத்திருந்தால் அதன் நெஞ்சுத் தசை தளர்ந்துவிடும், தினமும் கொஞ்ச நேரம் பறக்க விட வேண்டும் என்றார் டாக்டர். அறையில் பறக்க விட்டால் தலைக்கு மேல் சுற்றும் விசிறி ஓடக்கூடாது. மே மாதத்து மும்பையில் விசிறி இல்லாத ஒரு கோலி எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலே தகரம், மூன்று பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், கழுத்திலிருந்து வேர்வை வழிந்துகொண்டே இருக்கும். ஆனாலும் ஏழு மணி என்று பேசி வைத்தோம். என் வீட்டுக்காரர் தோல் பை பட்டறையிலிருந்து வந்து முகம் கழுவியதும் கதவைத் தாழ் போடுவோம். ஜன்னலுக்கு வலை. தண்ணீர் டிரம்முக்கு மூடி. கண்ணாடிக்கு மேல் துண்டு, இல்லையென்றால் அதில் தெரியும் இன்னொரு முத்துவை நோக்கிப் பறந்து மோதிவிடும். அடுப்பை அணைத்து, கடைசியாக விசிறியையும் நிறுத்தி, இறக்கைகள் ஓயும்வரை காத்திருந்து கூண்டைத் திறப்போம்.

முதல் நாள் அது வெளியே வரவே இல்லை. வாசலில் நின்று தலையைச் சாய்த்து ஒவ்வொருவரையும் பார்த்தது. அப்புறம் ஒருநாள் கிளம்பி, அறையை மூன்று சுற்றுச் சுற்றி, பாபாசாகேப் படச் சட்டத்தின் மேல் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே கத்தத் தொடங்கியது. அத்தை கைதட்டினார். எழுபது வயதுக்கு மேல் அவர் கைதட்டி நான் பார்த்ததில்லை. அந்தச் சட்டம் இன்று வரைக்கும் அதற்குப் பிடித்த இடம். தினமும் துடைப்பது அத்தை வேலை. வேறு யாரும் துடைத்தால் சம்மதிக்க மாட்டார்.

பறவை தரையில் நடக்கும் என்பதால் அந்த நேரத்தில் யாரும் எழுந்து நடமாடக் கூடாது. டி.வி. சத்தத்துக்கு மிரளும் என்பதால் அதுவும் கிடையாது. தலையில் வந்து உட்காரும் என்பதால் போனைப் பார்த்துக் குனிந்தும் இருக்க முடியாது. வேர்த்து ஊற்ற ஐந்து பேரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்போம். வேறு எதுவும் செய்ய முடியாத நேரத்தில் மனிதர்கள் பேசிக்கொள்கிறார்கள். காமர்ஸ் வேண்டாம், ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கிறேன் என்று மகன் சொன்னது அந்த நேரத்தில்தான். வேறு நேரத்தில் சொல்லியிருந்தால் குரல் உயர்ந்திருக்கும். அவன் முழங்காலில் முத்து உட்கார்ந்திருந்ததால் அவன் அப்பாவால் சத்தம் போட முடியவில்லை. மெதுவாகப் பேச வேண்டியிருந்தது. மெதுவாகப் பேசும்போது சொல்ல வேண்டியது வேறாகிவிட்டது.

பட்ஜி பேசும் என்பதும் உண்மைதான். கலிபோர்னியாவில் பக் என்ற பட்ஜிக்கு 1,728 சொற்கள் தெரியும் என்று கின்னஸ் புத்தகத்தின் 1995 பதிப்பில் பதிவாகியிருக்கிறது. முத்து கற்றது ஒரே சொல். பேரனை அத்தை கூப்பிடும் “ஏலே”. விடிகாலையில் துணி மூடிய கூண்டுக்குள்ளிருந்து “ஏலே, ஏலே” என்று வேகமாக வரும். மகன் தூக்கத்தில் “என்ன ஆச்சி?” என்று கேட்டுப் புரண்டு படுப்பான்.

ஒற்றையாக வளர்ந்தால்தான் அது மனிதரோடு நன்றாகப் பேசும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். ஜோடி சேர்த்தால் நம்மை விட்டுவிடுமாம். எங்கள் வீட்டில் இதைப் பற்றி நீண்ட பேச்சு நடந்தது. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலத்தில் மழை போகும் இடமெல்லாம் போகிற நாடோடிப் பறவை இது. நல்ல மழைக்குப் பிறகு ஆயிரக்கணக்கில் கூட்டமாகத் தண்ணீருக்கு இறங்கும். அப்படிப்பட்ட இனத்தில் ஒன்று, பகலெல்லாம் நாங்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போனபிறகு காலி வீட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறது. எங்களோடு பேச வேண்டும் என்பதற்காக அதைத் தனியாக வைத்திருப்பது நியாயமா? மகள்தான் தீர்ப்புச் சொன்னாள்: “அது பேசாட்டா பரவால்லம்மா.”

கிராஃபோர்ட் மார்க்கெட்டில் நீலமும் வெள்ளையுமாக ஒரு பெண் பறவை வாங்கினோம். காட்டில் இருப்பவை பச்சையும் மஞ்சளும்தான்; நீலம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் வளர்ப்புப் பறவைகளிடம் தோன்றிய நிறம். மார்க்கெட்டிலேயே அதற்குத் தீனியும் வாங்கினோம். கடைக்காரர் காங்னி என்று பொட்டலம் கட்டினார். வீட்டுக்கு வந்து கிண்ணத்தில் கொட்டியதும் அத்தை ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார். ஊதினார். வாயில் நாலு மணியைப் போட்டு மென்றார். “ஏட்டி, இது நம்ம தினைல்லா!” அவருடைய அம்மா காலத்தில் கோவிலுக்குத் தேனும் தினைமாவும் கொண்டு போனதை அன்று சாயங்காலம் முழுக்கச் சொன்னார். இத்தனை வருஷம் மும்பையில் இருந்தும் தினையை அவர் கண்ணால் பார்த்ததில்லை. பறவைக்கு வாங்கியதில் பாதியை அரைத்து, வெல்லம் போட்டுப் பிசைந்து எங்களுக்கும் கொடுத்தார். புதுப் பறவைக்கு வள்ளி என்று மகள் பெயர் வைத்தபோது அத்தை சிரித்த சிரிப்பு அடங்க நேரமானது. “தினைக்காட்டுல கிளி வெரட்டுனவ பேரையா கிளிக்கு வைக்க?”

சொன்னபடியே முத்து எங்களைக் கூப்பிடுவது குறைந்தது. ஆண் பட்ஜி தன் ஜோடியின் அழைப்புக் குரலைக் கேட்டுக் கேட்டு, சில வாரத்தில் அதே குரலில் கூப்பிடப் பழகிக்கொள்ளும் என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எங்கள் காதுக்கே அது தெரிந்தது. வள்ளி வந்தபோது இரண்டு விதமாக ஒலித்த கூப்பாடு கொஞ்ச நாளில் ஒன்றாகிவிட்டது. “ஏலே” மட்டும் எப்போதாவது வரும். எனக்கு முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அவை இரண்டும் ஒன்றின் தலையை ஒன்று கோதிக்கொண்டு, ஒன்றின் வாயில் ஒன்று ஊட்டிக்கொண்டு, எங்களைக் கண்டுகொள்ளாமல் இருப்பதைப் பார்ப்பதில் வேறொரு சந்தோஷம் இருந்தது. நமக்குத் திருப்பித் தராத ஒன்றின் நலத்தில் மகிழ்வது பிள்ளை வளர்ப்பில்கூட அவ்வளவு சுலபமாக வருவதில்லை. பிள்ளைகளிடம் நமக்கு எதிர்பார்ப்பு இருக்கிறது, இருக்கவும் வேண்டும். இந்த இரண்டிடம் எதிர்பார்க்க எதுவும் இல்லை.

கூண்டுக்குள் வைத்துக்கொண்டு சந்தோஷம் பேசுகிறாயே என்று கேட்டால் அந்தக் கேள்விக்கு நான் தலை வணங்குகிறேன். பறவைகளுக்கு வானில் பறக்க அடிப்படை உரிமை உண்டு என்று 2015 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவில் சொன்னது. கழுத்தில் வளையம் போட்ட நம்மூர்ப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அப்படி இருப்பது முழுக்க நியாயம் என்று நினைக்கிறேன். சயானுக்கும் மாஹிமுக்கும் நடுவில் மித்தி ஆற்றங்கரையில் குப்பை மேடாகக் கிடந்த இடம் இன்று மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா. காலையில் போனால் அந்தக் கிளிகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு மரம் மாறுவதைப் பார்க்கலாம். அவற்றில் ஒன்றைக் கூண்டில் பார்த்தால் என் வயிறு எரியும்.

பட்ஜியின் கதை வேறு. ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் 1840-இல் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனதிலிருந்து தலைமுறை தலைமுறையாக மனிதர் வீட்டிலேயே பொரித்து வளர்ந்த இனம் இது. வள்ளியைப் புண்ணியம் என்று நினைத்துக் வாசல் கேலரியிலிருந்து பறக்கவிட்டால் நீல நிறத்தைப் பார்த்த முதல் காகமே அதை முடித்துவிடும். காகம் விட்டாலும் பருந்து விடாது. அதற்குத் தீனி தேடத் தெரியாது. தேடினாலும் தாராவியில் தினை விளையாது. அதனால் விடுதலை என்ற பெரிய சொல்லை இந்த இரண்டிடம் காட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இரண்டு பறவை போதும், இன்னும் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். மண்பாண்டம் செய்யும் கும்பார்வாடா நடந்து போகிற தூரம்தான். முட்டையிடக் கூண்டில் கட்டுகிற சின்னக் கலயம் ஒன்று வாங்கிக் கட்டினால் நாலைந்து முட்டை வைத்து, பதினெட்டு நாளில் குஞ்சு பொரித்துவிடும். கலயம் கட்டவில்லை. பொந்து மாதிரி இருட்டான இடம் கிடைக்காவிட்டால் பெரும்பாலும் முட்டையிடாது. பிறந்தால் யார் வீட்டு எந்தக் கூண்டுக்குப் போகும், அந்த வீட்டில் விசிறியை நிறுத்துவார்களா என்று தெரியாமல் கொடுக்க எனக்கு மனமில்லை. கூண்டு விலங்கு நடமாடப் போதாத அளவு சிறிதாக இருந்தால் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி அதுவே குற்றம். மார்க்கெட்டில் ஒரு கூண்டுக்குள் நாற்பது ஐம்பதாகத் திணித்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் வள்ளியை வாங்கினோம். வாங்கினால் அந்தக் கடைதான் வளர்கிறது. இது எனக்கு இன்னும் தீராத சங்கடம்.

காலை வெயில் வேண்டும் என்பதால் தினமும் கொஞ்ச நேரம் கூண்டு கேலரிக்கு வரும். கம்பிக்கு வெளியே நீளும் கால் விரலைக் காகம் கொத்திவிடும், பூனையும் உண்டு. அதனால் யாராவது பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த வேலைக்கு வீட்டில் போட்டி. மகள் ஒருநாள் அங்கே உட்கார்ந்து, “இதுங்களுக்கு நம்மள எந்தக் கலர்ல தெரியும்மா?” என்று கேட்டாள். நமக்குத் தெரியாத புற ஊதா ஒளியையும் பட்ஜியின் கண் பார்க்கும். அதன் நெற்றி மஞ்சள் அந்த ஒளியை வாங்கி ஒளிரும். துணையைத் தேர்ந்தெடுக்க அந்த ஒளிர்வும் உதவுகிறது என்று 2002-இல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். முத்துவைப் பார்க்கும்போது வள்ளி பார்க்கிற முத்து நாங்கள் பார்க்கிற முத்து அல்ல. பத்துக்குப் பத்து அறையில் எங்கள் கண்ணுக்கு எட்டாத நிறமும் இருக்கிறது என்று தெரிந்தபோது, அந்த அறை எனக்குச் சின்னதாகத் தோன்றவில்லை.

பெரிய மாமாவுக்கு இப்போது பதில் சொல்வதென்றால் இதைத்தான் சொல்வேன். முட்டைக்கும் ஆகாது, காவலுக்கும் ஆகாது மாமா. இந்த வீட்டில் எல்லாரும் எதற்காவது ஆகவேண்டியிருக்கிறது. நான் சம்பளத்துக்கு, அவர் பட்டறைக்கு, பையன் நாளைய குடும்பத்துக்கு. அத்தைகூட, முடியாமல் போனபிறகும், கீரை ஆய்ந்து கொடுத்து அரை மணி நேரம் யாருக்காவது உதவினால்தான் நிம்மதியாகச் சாப்பிடுவார். ஒன்றுக்கும் ஆகாமலே ஓர் உயிர் இங்கே வேண்டப்பட்டதாக இருக்கிறது என்பதை அவர் தினமும் கண்ணால் பார்க்கிறார். கீரை ஆயாத நாளிலும் அவர் இப்போது சாப்பிட உட்காருகிறார். காரணம் பறவைதான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அப்படித்தான் படுகிறது.

2024-இல் தாராவி மறுசீரமைப்புக் கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து சதுர அடியைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. தகுதி உள்ளவர்களுக்கு 350 சதுர அடி என்கிறார்கள். யாருக்குத் தகுதி, எந்தக் காகிதம் வேண்டும், எங்கே வீடு என்று பெரியவர்களுக்குக் கவலை. கட்டடத்தில் காலை வெயில் எந்தப் பக்கம் வரும் என்று மகள் கேட்கிறாள். அது எனக்கு நியாயமான கேள்வியாகவே படுகிறது. மனிதனுக்கும் காலை வெயில் வேண்டும்.

போன மே மாதம் சாளுக்யா எக்ஸ்பிரஸில் திருநெல்வேலிக்குப் போனபோது பறவைகளை எதிர்வீட்டு மராத்திக்காரத் தாயியிடம் விட்டுப் போனோம். தினை எவ்வளவு, தண்ணீர் எப்போது மாற்றுவது, கொத்தமல்லித் தழையைக் கழுவித்தான் கொடுக்க வேண்டும், ராத்திரி எலி வராதபடி கூண்டை எங்கே தொங்கவிடுவது என்று மகள் ஒரு தாளில் இந்தியில் எழுதிக் கொடுத்தாள். தாயி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, விசிறியை மட்டும் நிறுத்த முடியாது, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்றார். கூண்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். திரும்பி வந்தபோது அவர் வீட்டுப் பிள்ளைகள் கூண்டைத் தர மறுத்தார்கள். ஏழு மணிக்கு எல்லாரும் கைவிசிறியோடு உட்கார்ந்து பறக்க விட்டார்களாம். குழந்தைக்குத் தாயியே விசிறி வீசியிருக்கிறார். இப்போது எங்கள் கோலியில் அந்த நேரத்துக்கு அவர்கள் வீட்டு நாலு பிள்ளைகளும் வந்துவிடுகிறார்கள். கூட்டம் கூடினால் வள்ளி மிரளுகிறது. அதனால் மகள் முறை வைத்திருக்கிறாள்: இன்றைக்கு இரண்டு பேர், நாளைக்கு இரண்டு பேர், சத்தம் போட்டால் அடுத்த முறை கிடையாது.